நத்தை ஆற்றில் ஓட்டப் பயிற்சி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்று ஓர் ஊர். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. "ஓட்டப் போட்டிக்குத் தயாராக நத்தை ஆற்றுக்குப் போறோம்லா" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வங்கிக்காரன் எழுதியபோது நால்வரும் சிரித்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. ஊர்ப் பெயர் எங்களுக்கென்றே வைத்தது போல இருந்தது.

நாங்கள் நால்வர். ஷா ஆலாமிலிருந்து நானும் வங்கிக்காரனும், கிள்ளானில் தாதியாக வேலை செய்யும் எங்கள் தோழி, அப்புறம் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரன். நாற்பதை நெருங்கும் வயதில் ஸ்பார்ட்டன் ரேஸில் ஓடலாம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் இன்னமும் தகராறு இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் தொடங்கிய போட்டி அது. ஸ்பிரிண்ட் என்றால் 5 கிலோமீட்டர், 20 தடைகள். சூப்பர் என்றால் 10 கிலோமீட்டர், 25 தடைகள். பீஸ்ட் என்பது 21 கிலோமீட்டர், 30 தடைகள். சுவர் ஏற வேண்டும், கயிறு ஏற வேண்டும், முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும், ஈட்டி எறிய வேண்டும், கல் நிரப்பிய வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடு ஏறி இறங்க வேண்டும். தடையில் தோற்றால் பர்ப்பி, அதாவது தரையில் படுத்து எழுந்து குதிப்பது, இந்தப் போட்டியின் பேர்பெற்ற தண்டனை. ஸ்பிரிண்ட்டில் தொடங்கியிருக்கலாம். வீறாப்பில் சூப்பருக்குப் பணம் கட்டிவிட்டோம்.

சனிக்கிழமை மாலை கிளம்பினால் ஈப்போவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போய்விடலாம். ஈப்போவிலிருந்து 30 கிலோமீட்டர்தான். ரயிலிலும் போகலாம், ஆனால் வாளி, கயிறு, மண்மூட்டை எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றுவது நடக்கிற காரியமா?

மலேசிய அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஊர்க்காரனின் பாட்டி அந்தச் சங்கத்துப் புத்தகத்தை ஒரு பிஸ்கட் டின்னில், துணி சுற்றி, இன்னும் வைத்திருக்கிறார்.

பாட்டியின் வீடு ஊருக்குக் கொஞ்சம் வெளியே. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தைக் காலி செய்த பிறகு கட்டிய வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை, பாமாயில் மரம். ஒரு காலத்தில் அவ்வளவும் கித்தா (ரப்பர்) மரம் என்று பாட்டி கையை வீசிக் காட்டுவார். இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனோம். வேலை இல்லாத ஞாயிறு காலை மட்டும், லோரி போகிற செம்மண் சாலையில் மட்டும், மட்டை அடுக்கியிருக்கும் பக்கம் காலே வைக்கக் கூடாது என்றார்கள். மட்டை முள் ஒரு காரணம். எலி இன்னொரு காரணம். எலி இருந்தால் பாம்பும் இருக்கும். எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டிவிட்டிருந்தார்கள். விடியற்காலை இருட்டில் அதிலிருந்து ஒன்று பறந்து வந்து என் தலைக்கு மேலே போனபோது, எட்டு வாரத்திலேயே நான் மிக வேகமாக ஓடிய இருபது மீட்டர் அமைந்தது.

எலி என்றதும் தாதி ஆரம்பித்துவிடுவார். 2000-இல் சபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு வீரர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு அந்தக் காய்ச்சலின் அறிகுறிகள். செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் போதும், ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். அதனால் எங்களுக்கு ஒரு சட்டம்: சேற்றில் விழுவதற்கு முன் காயத்துக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர், விழுந்து எழுந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "சேற்றில் கிடந்தேன்" என்று மறைக்காமல் சொல்வது. வங்கிக்காரன் இதைக் கேலி செய்வான். குளிப்பதில் முதல் ஆளும் அவன்தான்.

காலணியில் நான் ஏமாந்தேன். நானூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய சப்பாத்து, மழைக்கு மறுநாள் செம்மண்ணில் இறங்கியதும் காலுக்கு ஒரு கிலோ களிமண்ணைச் சேர்த்துக்கொண்டது. ஊர்க்காரன் போட்டிருந்தது மளிகைக் கடையில் தொங்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. நாடு முழுக்க அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லப் பெயர். பால் வெட்டப் போகிறவர்கள் காலில் காலங்காலமாகக் கிடப்பது. தண்ணீர் குடிக்காது, உதறினால் மண் விழுந்துவிடும். அடுத்த வாரம் நானும் ஒரு ஜோடி வாங்கினேன். விலையைச் சொன்னால் நானூறு வெள்ளி இன்னும் வலிக்கும்.

கயிற்றை வீட்டு மாமரத்தில் கட்டினோம். கையால் இழுத்து ஏறலாம் என்று நினைப்பவன் பாதியில் தொங்குவான். கயிறு ஒரு காலின் வெளிப்பக்கமாக வந்து, அந்தப் பாதத்துக்கு அடியில் வளைந்து, மறு பாதத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். இரண்டு பாதமும் அதை இறுக்கிப் பிடித்தால் உடம்பின் பாரம் காலுக்குப் போய்விடும். கை அடுத்த பிடிக்கு மட்டும். மூன்று வாரம் பழகி, நான் முதல் தடவை கிளை வரைக்கும் போய்த் தொட்டேன். தொட்ட இடம் முசுறுக் கூடு. இறங்கிய வேகத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஈட்டிக்கு மண்வெட்டிக் காம்பு, இலக்குக்குக் குலை வெட்டிய வாழைத்தண்டு. அதில் நாங்கள் யாருமே தேறவில்லை, விட்டுவிடலாம்.

வாளிதான் விஷயம். இருபது லிட்டர் சாயத் தகர வாளியில் ஜல்லியை விளிம்பு வரை நிரப்பி, பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் 28 கிலோ. போட்டியில் போலவே, பிடியைத் தொடாமல், அடியில் இரண்டு கையையும் கோத்துத் தூக்க வேண்டும். லோரிச் சாலை மேட்டில் ஐம்பது அடி, வைப்பு. முப்பது அடி, வைப்பு. பாட்டி பின்வாசலில் கோப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கூலி?" என்றார்.

"கூலி இல்ல பாட்டி. நாங்கதான் காசு கட்டியிருக்கோம்."

அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். பேரனைப் பார்த்து, "உன் கூட்டாளிங்க எல்லாம் படிச்சவங்கன்னு சொன்னியே" என்றார்.

எண்பது தாண்டியவர். பதினாலு வயதில் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்து, ஒரு நிரைக்கு ஐந்நூறு அறுநூறு மரத்தில் பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன் மரத்தடியில் இருக்க வேண்டும். பிறகு மங்கு மங்காகப் பாலை ஊற்றிச் சேர்த்து, தோளில் வைக்கும் காண்டாக் கட்டையில் இரண்டு வாளியாகத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். அவர் எழுந்து வந்து துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்தார். வாளி இல்லை, வெறும் கட்டைதான். ஆனால் நடை மாறியது. முழங்கால் லேசாக மடங்கியது. சின்னச் சின்ன அடி, வேகமான அடி, இடுப்புக்கு மேலே அசைவே இல்லை.

"எட்டி வைக்காதே. நிமிராதே. வாளி ஆடுற ஆட்டத்துக்கு நீ காலை வையி. மூச்சு வாங்குதுன்னு கீழ வைக்காதே, மெதுவாப் போ, ஆனா போய்க்கிட்டே இரு. வச்சுட்டு மறுபடியும் தூக்குறப்பத்தான் இடுப்பு போகும்."

தாதி அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தார். ரவிக்கை விளிம்புக்கு அடியில், காண்டா உட்கார்ந்த இடத்தில், நெல்லிக்காய் அளவுக்குக் காய்த்துப்போன ஒரு மேடு. சுமையை விட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேடு அங்கேயே இருக்கிறது. "வலிக்குதா பாட்டி?" "மழை வந்தா சொல்லும்."

அதற்குப் பிறகு எட்டி வைப்பதை விட்டோம். நத்தை மாதிரிதான் போனோம், ஆனால் மேட்டில் வாளியைக் கீழே வைக்கவில்லை.

முள்கம்பிக்குப் பதிலாகத் தோட்டத்தில் நைலான் கயிறு கட்டி, அடியில் ஊர்ந்துகொண்டிருந்தோம். போட்டியில் நிஜக் கம்பி என்று ஊர்க்காரன் சொன்னதும் பாட்டிக்கு முகம் மாறிவிட்டது. 1948 ஜூன் 16-இல் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீண்டது. அப்போது பாட்டி சின்னக் குழந்தையாக இருந்து பெரிய பிள்ளையாக வளர்ந்தார். அவர் நினைவில் லயம் என்றாலே சுற்றிலும் முள்கம்பி. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்களைக் கதவடியில் நிறுத்திச் சோதிப்பார்களாம். அம்மாவின் தூக்குச் சட்டியைத் திறந்து கம்பியால் கிளறிப் பார்த்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. "அதுக்கடியில போய் விளையாடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கயிற்றை அன்றைக்கு அவிழ்த்துவிட்டோம். அடுத்த வாரம் அவரே, "கட்டிக்கோங்க, எனக்கென்ன" என்றார்.

ஆறாவது வாரம் என் கணுக்கால் பிசகியதால் ஓய்வு. அன்று பாட்டியையும் ஏற்றிக்கொண்டு கோலகங்சார் போனோம். 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட கித்தாக் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலிக்குள் நிற்கிறது. பக்கத்து ஊரில் பிறந்து, ஆயுளெல்லாம் கித்தாவோடு கிடந்தவர், அதைப் பார்த்ததே இல்லை. நாங்கள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தோம். அவர் வேலிக்கு வெளியே நின்று, இடது மேலிருந்து வலது கீழாக, காற்றில் ஒரு விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் "இது பெரிய மரம், எனக்கு எட்டாது" என்று காருக்குத் திரும்பிவிட்டார்.

போட்டி நாளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் சொச்சம். ஈட்டி நால்வருக்கும் தப்பியது, தண்டனையை நால்வரும் அனுபவித்தோம். கயிற்றில் மணியடித்தேன், முசுறு இல்லாத கயிறு எவ்வளவு சுகம்! வாளியோடு மேடு ஏறும்போது எங்களைவிட வாட்டசாட்டமான இளைஞர்கள் எட்டிப் போட்டுப் போனார்கள். பாதி மேட்டில் வாளியை இறக்கிவைத்து மூச்சு வாங்கியவர்களைக் குறுநடையில் கடந்தோம். இறக்கத்தில் அவர்களே எங்களைப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதக்கத்தைக் காட்டப் போனோம். பாட்டி அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, சாமி மேடையில் ஆணியில் மாட்டினார். பின்கட்டுக்குப் போனால் நான்கு வாளிகளில் ஒன்றைக் காணோம். கிணற்றடியில் இருந்தது. ஜல்லி முழுவதும் சகதியான வாசற்படிக்கு முன்னால் பரப்பியாகிவிட்டது. வாளிக்கு அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, பண்டான் நட்டிருந்தார்.

"அடுத்த வருஷம் வர்றப்ப வேற வாளி கொண்டாங்க" என்றார்.