விசில் ஊதினால் திரும்பி வரும் சிப்பிப்பாறை

எங்கள் அல்லி ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய். வீட்டுக்குள் "வா" என்றால் வாலாட்டிக்கொண்டு வருவாள். கண்மாய்க் கரையில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிவிட்டாலோ எனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோழிக்கறித் துண்டை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. (1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம் என்பதை அவளுக்கு யார் சொல்வது?) தின்பதைவிடத் துரத்துவதே அவளுக்குப் பெரிது என்பது எனக்கு உறைக்க நான்கு மாதங்கள் ஆயின.

ஆகவே துரத்தலையே கூலியாகக் கொடுத்தேன். ஆறடி மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழைய சாக்குத் துணியை முடிந்துகொண்டேன். குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் கூப்பிட்டே "வா" என்ற சொல் கெட்டுப்போயிருந்ததால் விசிலுக்கு மாறினேன். கொல்லையில் ஒரே ஒரு முறை ஊதிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் துணியைத் தரையில் இழுத்தபடி ஓடுவேன். அவள் பாய்ந்து கவ்வியதும் அரை நிமிடம் இழுபறி விளையாட்டு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பக்கத்தில் வந்தாலும் கைக்கு எட்டாத தூரத்தில் வட்டமடித்தாள், ஏனெனில் கழுத்துப்பட்டையைப் பிடித்தால் ஆட்டம் முடிந்தது என்பதை நானே அவளுக்குக் கற்பித்திருந்தேன். அன்றிலிருந்து பட்டையைத் தொட்டவுடன் விட்டுவிட்டு, மறுபடியும் துணியை ஓடவிட்டேன். பத்தில் ஒன்பது முறையாவது அப்படி விடுதலை கிடைத்த பிறகே தானாக வந்து என் முழங்காலில் இடித்து நின்றாள்.

கண்மாய்க்குப் போனபோது, கழுத்து இறுகாமலிருக்க மார்புப்பட்டையில் பத்து மீட்டர்க் கயிற்றைக் கட்டினேன். அதை வெறுங்கையால் பிடித்து உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டது என் முட்டாள்தனம். அவள் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியபின் ஊதுவது வீண் என்பதையும் அங்கேதான் கண்டேன்: காதுகள் நிமிர்ந்து, ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில் ஊத வேண்டும்.

இப்போது ஆட்டுக்குட்டிகளை விட்டுவிட்டு வருகிறாள். மயில் நடமாடும் பக்கம் மட்டும் இன்னும் கயிற்றை அவிழ்ப்பதில்லை.