கல்யாண மண்டபத்து டைரியை கூகுள் காலண்டருக்கு மாற்றிய அனுபவம்

திண்டுக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஏசி எல்லாம் கிடையாது. கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே மேடை, பின்னால் சமையல் கட்டு, அவ்வளவுதான். புக்கிங் முழுக்க அப்பாவின் பெரிய டைரியில்: எந்தத் தேதியோ அந்தப் பக்கத்தில் பெண் வீட்டார் பேர், ஊர், போன் நம்பர், வாங்கிய அட்வான்ஸ். டைரி மண்டபத்து மேசையை விட்டு நகராது, ஆனால் விசாரிக்கிற போன் அப்பாவுக்கும் வரும், எனக்கும் வரும், மேனேஜர் அண்ணனுக்கும் வரும், துபாயில் இருக்கிற தம்பிக்குக்கூட வரும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்கு அவன் நம்பர்தான் தெரியும். "அந்தத் தேதி காலியா இருக்கா?" என்று யார் கேட்டாலும் "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்பதுதான் பதில். இதை மாற்றத்தான் கூகுள் காலண்டர்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மண்டபத்துக்கென்றே தனியாக ஒரு காலண்டர் உருவாக்கி நாலு பேருக்கும் பகிர்ந்தேன். என் சொந்தக் காலண்டரிலேயே போட்டிருந்தால் என் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டும் கல்யாணங்களும் கலந்து கிடந்திருக்கும். இதுவரை சுலபம். டைரியில் இருந்ததை ஏற்றும் வேலையை மேனேஜர் அண்ணன் தன் போனிலேயே ஆரம்பித்துவிட்டார். அவர் பாணி நேரடியானது: நாள் முழுக்க மண்டபம் எடுத்தாயிற்று, ஆகவே இரவு 12 மணிக்குத் தொடங்கி அதே தேதி இரவு 11.59க்கு முடிகிற மாதிரி நேரம் போட்டார். இங்கே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 14ஆம் தேதிக் கல்யாணம் ஒன்றைப் பார்த்துவிட்டு துபாயிலிருந்து தம்பி கூப்பிட்டு, "அக்கா, 13ஆம் தேதியும் எடுத்தாச்சா? நான் ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லிட்டேனே" என்றான்.

துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே 14ஆம் தேதி பிறக்கும்போது அங்கே 13ஆம் தேதி இரவு 10.30. மணி போட்டு வைத்த நிகழ்ச்சியை, பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மணிக்கு மாற்றித்தான் காலண்டர் காட்டும். அது அதன் கடமை, மீட்டிங்குக்கு அப்படித்தான் வேண்டும். ஆனால் 'ஆல் டே' (முழு நாள்) என்ற பொத்தானைத் தட்டிவிட்டால் அந்த நிகழ்ச்சியில் மணியே இருக்காது, நேர மண்டலமும் இருக்காது, வெறும் தேதி மட்டும்தான். 14 என்றால் துபாயிலும் 14, டொரோன்டோவிலும் 14. நான் அதுவரை இந்தப் பொத்தானை 24 மணி நேரத்தையும் டைப் அடிக்காமல் போட ஒரு குறுக்கு வழி என்றே நினைத்திருந்தேன். அது வேறு வகைச் சரக்கு. மேனேஜர் அண்ணன் போட்ட ஒவ்வொன்றையும் திறந்து அந்தப் பொத்தானைத் தட்டினேன், தம்பி போனில் எல்லாம் அதனதன் தேதிக்கு வந்து நின்றன.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மண்டபத்து நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை என்பதுதான் பெரிய தலைவலி. எங்கள் கணக்கு, முதல் நாள் மதியம் 3 மணிக்குச் சாவி கொடுத்தால் மறுநாள் மதியம் 3 மணிக்குத் திருப்பி வாங்குவது. மாலை பெண் அழைப்பு, வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம், பந்தி முடிந்து கிளம்பிவிடுவார்கள். ஆக ஒரு வாடகைக்கு ரெண்டு தேதி. மேனேஜர் அண்ணன் இப்போது பொத்தானைத் தட்டக் கற்றுக்கொண்டதால் 13 முதல் 14 வரை என்று இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரு பட்டையை இழுத்தார். அடுத்த வீட்டுக்காரர்களுக்கு 15ஆம் தேதி முகூர்த்தம், அவர்களுக்கு 14 முதல் 15 வரை இன்னொரு பட்டை. மாதப் பார்வையில் 14ஆம் தேதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ரெண்டு கல்யாணம்! அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்துவிட்டது. உண்மையில் மோதலே கிடையாது, ஒரு வீட்டார் 3 மணிக்குக் கிளம்ப, கூட்டிப் பெருக்கி 4 மணிக்கு அடுத்த வீட்டாருக்குத் திறந்துவிடுவது முகூர்த்த மாதங்களில் வழக்கம்தான்.

எல்லாவற்றையும் 3 மணி முதல் 3 மணி வரை என்று நேரம் போட்டே வைக்கலாமே என்று தம்பி சொன்னான். வைக்கலாம், தப்பில்லை. ஆனால் போனில் மாதப் பார்வையைத் திறந்து சட்டென்று காலியா என்று பார்க்கிறவருக்கு அது கண்ணைக் கட்டும், மறுபடியும் ரெண்டு தேதியைத் தொட்டுக்கொண்டுதான் கிடக்கும். கடைசியில் டைரியில் அப்பா இத்தனை வருஷமாக எப்படி எழுதினாரோ அதையே எடுத்துக்கொண்டோம். முகூர்த்தத் தேதி ஒன்றுக்கு மட்டும் முழு நாள் நிகழ்ச்சி. முந்தின நாள் மாலை அதோடு சேர்ந்தது என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும், காலண்டருக்குத் தெரியத் தேவையில்லை. வேறு ஊரில் தாலி கட்டிவிட்டு இங்கே வரவேற்பு மட்டும் வைப்பவர்களுக்கு முழு நாள் போடுவதில்லை, மாலை 4 முதல் இரவு 11 வரை என்று நேரமே போட்டுவிடுகிறோம். அது மெல்லிய வரியாகத் தெரிவதால் பார்த்தவுடனே வித்தியாசம் புரிகிறது.

அடுத்து வந்தது யாரும் சொல்லித்தராத ஒரு சங்கதி. எங்களிடம் வாடிக்கையாக வருகிற சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் காலண்டரைப் பகிர்ந்தோம். கல்யாண வீட்டார் போன் நம்பர் எல்லாம் அவர்கள் பார்க்க வேண்டாம், ஆகவே காலியா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிற அனுமதி. அவர்கள் பக்கம் மாதம் முழுக்கக் காலி. காரணம், கூகுள் காலண்டரில் முழு நாள் நிகழ்ச்சி போட்டால் அது தானாகவே 'ஃப்ரீ' என்று பதிவாகும், நேரம் போட்டதுதான் 'பிஸி' ஆகும். பிறந்த நாள், அரசு விடுமுறை மாதிரி விஷயங்களை நினைத்து அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான், அம்மாவுக்குப் பிறந்த நாள் என்பதற்காக அன்று முழுக்க நமக்கு வேலை இல்லாமல் போகாது. ஆனால் மண்டபத்துக்கு அது நேர் எதிர். நிகழ்ச்சிக்குள் போய் 'பிஸி' என்று மாற்றி வைத்தால்தான் வெளியாளுக்கு அடைபட்ட தேதியாகத் தெரியும். ஒவ்வொரு புக்கிங்குக்கும் இதைச் செய்தாக வேண்டியிருப்பது எரிச்சல்தான், இருந்தாலும் இதை விட்டால் பகிர்ந்ததில் அர்த்தமே இல்லை.

அந்த 'ஃப்ரீ' எனக்கு இன்னொரு இடத்தில் கைகொடுத்தது. முகூர்த்த நாட்களை, வளர்பிறை தேய்பிறை குறித்து, இன்னொரு தனிக் காலண்டரில் ஏற்றினேன். இவை தகவலுக்காக மட்டும், தேதியை அடைக்கக் கூடாது. பஞ்சாங்கப்படி வருகிற நாட்கள் ஆங்கிலத் தேதிக்கு வருஷா வருஷம் நகர்வதால் 'ஆண்டுதோறும் திரும்பவும்' என்ற வசதி இதற்கு உதவாது, ஒவ்வொரு வருஷமும் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாக அடிக்காமல் எக்செல்லில் பட்டியல் போட்டு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பாக இறக்குமதி செய்தேன். தலைப்பு வரிசை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். 'ஆல் டே ஈவென்ட்' என்று ஒரு நெடுவரிசை வைத்து அதில் எல்லாவற்றுக்கும் 'ட்ரூ' என்று போட்டுவிட்டால் போதும். தேதி அமெரிக்க முறைப்படி மாதம் முதலில், நாள் பிறகு. நம் பழக்கத்தில் 05/06 என்றால் ஜூன் 5, அதற்கு அது மே 6. 13ஆம் தேதி முதல் இருப்பவை மாதமாக இருக்க முடியாது என்பதால் சிக்கல் தெரிந்துவிடும், 12 வரை உள்ளவைதான் சத்தமில்லாமல் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். கோப்பை எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யுடிஎஃப்-8 என்ற வகையில் சேமிக்கவில்லை என்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். முதலில் சோதனைக்கென்று ஒரு காலண்டர் திறந்து அதில் இறக்கிப் பாருங்கள், கெட்டுப்போனால் அந்தக் காலண்டரையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். உண்மையான காலண்டரில் இறக்கிவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழிக்க வேண்டியதுதான்.

ஆடி மாதத்துக்கு மட்டும் பல நாள் பட்டை சரியாகப் பொருந்தியது. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை கல்யாணம் வராது, வெள்ளையடிப்பதும் பைப் லைன் பார்ப்பதும் அப்போதுதான். முதல் தேதி, கடைசி தேதி கொடுத்து ஒரே நிகழ்ச்சி. பேக்கப் எடுத்த ஐசிஎஸ் (காலண்டர் நிகழ்ச்சிகளைச் சேமிக்கிற வகை) கோப்பை ஒருநாள் நோட்பேடில் திறந்து பார்த்த தம்பி, முடிவுத் தேதி ஒருநாள் தள்ளி இருக்கிறதே என்று பதறினான். அந்தக் கோப்பு வகையில் முழு நாள் நிகழ்ச்சிக்கு அப்படித்தான் எழுதுவார்கள்: 14ஆம் தேதி மட்டும் என்றால் தொடக்கம் 14, முடிவு 15, அந்த 15 கணக்கில் சேராது. திரையில் சரியாக இருந்தால் கோப்பில் கைவைக்க வேண்டாம்.

நினைவூட்டலைப் பொறுத்தவரை, பகிர்ந்த காலண்டரில் நான் வைப்பது எனக்கு மட்டும்தான் அடிக்கும். மேனேஜர் அண்ணன் போன் அடிக்கவே இல்லை, "பாப்பா, எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். முழு நாள் நிகழ்ச்சிகளுக்கான நினைவூட்டல் நேரம் போட்ட நிகழ்ச்சிகளுடையதிலிருந்து தனி, அதை ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் அந்தக் காலண்டருக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஒரு வாரம் முன்னால் காலை 9 மணிக்கு ஒன்று, அது பாக்கிப் பணம் கேட்க. ரெண்டு நாள் முன்னால் இன்னொன்று, ஜெனரேட்டர் டீசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும். முந்தின நாள் என்று வைத்தால் வேலைக்கு ஆகாது, முந்தின நாள் மதியமே ஆட்கள் வந்துவிடுகிறார்களே.

ஒரே தேதியில் ரெண்டு புக்கிங் போட்டாலும் கூகுள் காலண்டர் தடுக்காது. அதனால் பேச்சளவில் இருப்பதற்குத் தலைப்பின் முன்னால் 'பேச்சு' என்றும் பணம் வந்ததற்கு 'அட்வான்ஸ்' என்றும் எழுதுகிறோம். தகராறு வந்தால் அப்பாவின் டைரிதான் செல்லும், அவர் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். வளைகாப்பு, காதுகுத்துக்கு அரை நாள் வாடகை கேட்பவர்களுக்கு மட்டும் இன்னும் வழக்கம் அமையவில்லை. காலையில் ஒரு வளைகாப்பை நேரம் போட்டு வைத்தால், அதே நாள் மாலை அடுத்த நாள் முகூர்த்தக்காரர்கள் நுழைவார்கள் என்பதைக் காலண்டர் காட்டாது. அதற்கு இப்போதைக்கு மேனேஜர் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சரி சொல்கிறோம்.