சிடி டிரைவோடு ஒரு வாரம்

மே 4, 2024, சனி

பீரோவின் கீழ்த்தட்டில் 31 சிடி. பாதி அப்பா வாங்கியது, மீதி அங்கே இங்கே சேர்ந்தது. அடியில் தங்கை கல்யாணத்து நாதஸ்வரம், 2004-ல் பதிவு செய்து தந்த மூன்று சிடி. எழுதிக் கொடுக்கிற சிடிக்கு ஆயுள் எவ்வளவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றையும் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். என் லேப்டாப்பில் டிரைவே கிடையாது. மகள் அறையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் டிவிடி ரைட்டர் இருக்கிறது, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ்.

சிடியிலிருந்து பாட்டை எடுத்துக் கோப்பாக்கும் ஏபிசிடிஇ என்ற நிரலை நிறுவி, அங்கேயே உட்கார்ந்து முதல் சிடியைப் போட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லை. மனைவி வந்து, பென்டிரைவ் மாதிரி மவுண்ட் பண்ணி இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆடியோ சிடியில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று கிடையாது. நொடிக்கு 75 செக்டர், ஒவ்வொன்றிலும் 2352 பைட் ஒலி, அவ்வளவுதான். மவுண்ட் பண்ண அங்கே ஒன்றும் இல்லை, நிரல் டிரைவையே நேராகத் திறந்து படிக்க வேண்டும். இந்த 'நேராகத் திறந்து' என்பதுதான் வாரம் முழுக்க உயிரை எடுக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

மே 5, ஞாயிறு

நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மகள், "அப்பா, அஞ்சு நிமிஷம், ஒரு ஃபாரம் மட்டும் அனுப்பிடறேன்" என்றாள். என் செஷனை மூடாமல் யூசர் மாற்றி அவள் கணக்கில் நுழைந்தாள். திரும்பி வந்து பார்த்தால் நாலாவது பாட்டு முழுதாக முடிந்திருக்கிறது, ஐந்தாவதில் நின்றுவிட்டது.

கீறல் என்று நினைத்து சிடியைத் துடைத்துப் போட்டேன். சரியாக ஓடியது. துடைத்ததால் சரியாயிற்று என்று நம்பியும் விட்டேன்.

மே 6, திங்கள்

அவள் அறையில் போய் உட்கார்ந்தால் இருவருக்கும் இடைஞ்சல். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் நெட்வொர்க்கில் நுழைகிற முறை) வழியாக நுழைந்து, இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவதை நிறுத்தாத டிமக்ஸைத் திறந்து, அதில் ஓடவிடலாம், சிடி மாற்ற மட்டும் எழுந்து போனால் போதும் என்று திட்டம். போட்டதும் டிரைவைத் திறக்க முடியவில்லை என்றது. உறுதி செய்துகொள்ள டிடி கட்டளையால் எஸ்ஆர்0-வை, அதாவது லினக்ஸில் சிடி டிரைவைக் குறிக்கும் கோப்பைத் திறந்து பார்த்தேன்: பெர்மிஷன் டினைட், அனுமதி இல்லை. அதே ஆள், அதே டிரைவ், அதே சிடி.

சூடோ போட்டு, அதாவது மெஷினின் முழு அதிகாரியான ரூட்டாக ஓடவிட்டால் ஓடுகிறது. ஆனால் வெளிவரும் பாட்டெல்லாம் ரூட்டுக்குச் சொந்தம், பெயர் மாற்றக்கூட ரூட்டிடம் கேட்க வேண்டும். சரி என்று, இணையத்தில் பத்தில் எட்டுப் பேர் சொல்கிற வைத்தியத்தைச் செய்தேன்: சிஎச்மாட் 666, அதாவது டிரைவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று ஆக்குவது. அன்று இரவு நாலு சிடி முடிந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தூங்கப் போனேன்.

மே 7, செவ்வாய்

காலையில் கரண்ட் போய் வந்தது. மெஷின் மறுபடி எழுந்ததும் பழையபடி பெர்மிஷன் டினைட். எஸ்ஆர்0 இருக்கிற டெவ் கோப்புறை வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் லினக்ஸின் மையமான கர்னலும் சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ்வும் சேர்ந்து அதைப் புதிதாகக் கட்டுகின்றன, நான் கையால் மாற்றியது எதுவும் அங்கே தங்காது. தெரிந்த விஷயம்தான், சோம்பலில் மறந்திருந்தேன்.

இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் நீள வடிவில் எஸ்ஆர்0: சொந்தக்காரர் ரூட், குரூப் (ஒரே அனுமதி பெறும் கணக்குகளின் கூட்டம்) சிடிராம், இருவருக்கும் படிக்க எழுத அனுமதி, மற்றவருக்கு ஒன்றும் இல்லை. வரியில் அனுமதி எழுத்துகள் முடிகிற இடத்தில் ஒரு சின்ன கூட்டல் குறி. இத்தனை வருஷமாக அதைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டியிருக்கிறேன். அந்தக் குறி இருந்தால் ஏசிஎல் என்ற தனி அனுமதிப் பட்டியல் ஒன்று கூடவே இருக்கிறது என்று அர்த்தம். அதைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அதில் மகளின் பெயர்! நான் எங்கும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை.

எழுதியது சிஸ்டம்டியின் லாகின்டி, யார் யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று கவனிக்கிற பின்னணி நிரல். கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, யாருடைய செஷன் திரையில் இருக்கிறதோ, அவர் பெயரைச் சிடி டிரைவ், கேமரா, சவுண்ட் கார்டு போன்றவற்றின் பட்டியலில் அது சேர்த்துவிடுகிறது. திரை வேறு ஆளுக்கு மாறினால் இவர் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுகிறது. எஸ்எஸ்எச்-இல் வருகிறவருக்கு இருக்கையே கிடையாது, செஷன்களைக் காட்டும் லாகின்சிடிஎல் பட்டியலில் சீட் என்ற இடம் என் எஸ்எஸ்எச் செஷனுக்கு நேரே காலியாக இருந்தது. யோசித்தால் இது சரியான ஏற்பாடுதான். அடுத்த அறையிலிருந்து நுழைகிறவன் இங்கே உட்கார்ந்திருப்பவளின் கேமராவைத் திறக்கக் கூடாது இல்லையா.

ஞாயிற்றுக்கிழமை மர்மமும் இதனால்தான் அவிழ்ந்தது. அனுமதியைப் பார்ப்பது திறக்கிற நேரத்தில் மட்டும்தான், திறந்து கையில் வைத்திருப்பதை யாரும் பிடுங்குவதில்லை. மகள் உள்ளே போனபோது நாலாவது பாட்டுக்காக டிரைவ் ஏற்கெனவே திறந்திருந்தது, அதனால் முடிந்தது. ஏபிசிடிஇ ஒவ்வொரு பாட்டுக்கும் சிடியைப் படிக்கிற சிடிபாரனோயா என்ற நிரலைத் தனியாகக் கூப்பிடுகிறது, ஐந்தாவதற்கு மறுபடி கதவைத் தட்டியபோது என் பெயர் பட்டியலில் இல்லை. நான் துடைத்த துடைப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மே 8, புதன்

அப்படியானால் வழி, இருக்கையைச் சாராத அனுமதி, அதாவது சிடிராம் குரூப். மகள் கணக்கு அதில் முதலிலிருந்தே இருக்கிறது. டெபியனை நிறுவும்போது உருவாக்குகிற முதல் கணக்கை அந்த நிறுவும் நிரலே சிடிராம், ஆடியோ, வீடியோ, பிளக்டெவ் எல்லாவற்றிலும் சேர்த்துவிடும். அது அவள் கணக்கு. என்னுடையது பிறகு ஆட்யூசர் கட்டளையால் சேர்த்தது, சூடோ உரிமை தருகிற சூடோ குரூப்பில் மட்டும் கையால் போட்டிருந்தேன்.

கணக்கின் விவரங்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி போட்டு சிடிராம் என்று அடித்தேன். வெளியே போய் உள்ளே வந்தேன். சூடோ கேட்டால், உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்கிறது.

பெரிய ஜி-யோடு சின்ன ஏ-யும் சேர்த்துப் போட வேண்டும். ஏ இல்லாவிட்டால் 'இதிலும் சேர்' என்று ஆகாது, 'இதில் மட்டும் வை, மற்ற கூடுதல் குரூப்பிலிருந்தெல்லாம் தூக்கு' என்று ஆகிவிடும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விஷயம். மகளிடம் போய் நின்றேன், அவள் கணக்குக்குச் சூடோ உண்டு. "உங்களை நீங்களே வெளிய தள்ளிட்டீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தாள், என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு.

மே 9, வியாழன்

இப்போது இரண்டு குரூப்பிலும் இருக்கிறேன். எஸ்எஸ்எச், டிமக்ஸ், ஏபிசிடிஇ. பெர்மிஷன் டினைட்!

ஒன்றரை மணி நேரம். யார் எந்தெந்தக் குரூப்பில் என்று காட்டும் ஐடி கட்டளைக்குப் பக்கத்தில் என் பெயரைக் கொடுத்தால் சிடிராம் இருக்கிறது, பெயர் கொடுக்காமல் வெறும் ஐடி என்றால் இல்லை. முதலாவது குரூப் கோப்பைப் படித்துச் சொல்கிறது, இரண்டாவது என் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற இந்த ஷெல்லுக்குக் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. குரூப் பட்டியல் உள்ளே நுழையும்போது ஒருமுறை கொடுக்கப்படுவது, பிறகு மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் தெரியாது. ஆனால் நான் வெளியே போய் வந்தேனே? வந்தேன், வந்து செவ்வாய்க்கிழமை திறந்த அதே டிமக்ஸில் போய் ஒட்டிக்கொண்டேன். அது இன்னும் செவ்வாய்க்கிழமையிலேயே வாழ்கிறது. டிமக்ஸ் சர்வரையே நிறுத்திப் புதிதாகத் திறந்ததும் சிடி சுழல ஆரம்பித்தது.

மகள் நடுவில் இரண்டு தடவை திரையை மாற்றினாள். பாட்டு நிற்கவில்லை.

மே 11, சனி

28 முடிந்து கல்யாண சிடிக்கு வந்தாயிற்று. முதல் இரண்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவதில் கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து திணறுகிறது. பழக்க தோஷம், எல்எஸ் போட்டுப் பார்த்தேன், ஐடி போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நகம் அளவுக்கு ஒரு கீறல். சிடிபாரனோயா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது. இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். டிரைவ் முனகுகிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்கிறது.