நின்ற உலக்கை

'கிரகணத்தன்று உலக்கை நிற்கும் என்பது சுத்தப் பொய்' என்று எங்கள் நாடகத்தில் ஒரு வசனம் இருந்தது. எழுதியவன் நான்தான். கிழவி வேஷம் கட்டி, அந்த உலக்கையைத் தொப்பென்று கீழே விழவைத்தவனும் நான்தான்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலை வளைய சூரிய கிரகணம்; நிலா நடுவை மறைக்க, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே நிழல் போகிற பாதை. நான் வேலை பார்த்த அறிவியல் பரப்பும் குழுவில் எங்களுக்குத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் வந்தன. ஒரு வேன், இரண்டு தப்புப் பறை, ஏழு பேர், அட்டைப்பெட்டி நிறைய கிரகணக் கண்ணாடி. ஒரு ராத்திரிக்கு இரண்டு ஊர்.

இந்த வடிவம் எங்களுடையது அல்ல. 1980-இல் கேரளத்தின் மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போகும் கலாஜாத்தாவைத் தொடங்கியது. 1987-இல் பாரத் ஜன விஞ்ஞான் ஜாத்தாவாக அது நாடு சுற்றியது. பிறகு எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம். எனக்குப் பாட்டும் தப்பும் சொல்லிக்கொடுத்த அண்ணன்கள் அந்தக் காலத்து ஆட்கள். ஊருக்குள் போனதும் யார் வீட்டிலாவது தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். வெட்டிப்பேச்சு என்று நான் நினைத்திருந்தேன். எங்களுக்குத்தான் அடுத்த ஊர் காத்திருந்ததே.

கிரகணத்துக்கு நான்கு நாள் முன்பு, ஒரு ஊரில் நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்த நேரம். சேலையைக் களைந்துகொண்டிருந்தேன். நிஜமான கிழவி ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏப்பா, நிக்காதுன்னா சொன்ன?"

"ஆமா ஆத்தா, அது சும்மா…"

"செத்த இரு."

பேத்தியை அனுப்பி உலக்கையை எடுத்துவரச் சொன்னார். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, அசைவு அடங்கும்வரை பொறுத்திருந்து கையை எடுத்தார். நின்றது. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

நிற்கத்தான் செய்யும். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது. மரம் நேராக இருந்து, எடை அந்தப் பூணுக்குள்ளேயே இறங்கினால் எந்த நாளும் நிற்கும். தண்ணீருக்கும் அதில் வேலையில்லை, சூரியனுக்கும் வேலையில்லை. கிரகணத்தன்று மட்டும்தான் யாரும் அவ்வளவு பொறுமையாக நிறுத்திப் பார்க்கிறார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. விழுந்தால் சிரிப்பு வரும் என்பதற்காக விழவைத்தேன். அந்த அம்மாள் கண்ணால் கண்டது உண்மை. அறிவியல் பேச வந்த நான்தான் பொய் சொல்லியிருந்தேன்.

அவர் அதோடு விடவில்லை. "மாசாமாசம் அமாவாச வருது. மாசாமாசம் ஏன் பாம்பு புடிக்கல?"

இருபது நிமிட நாடகத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ராகுவுக்குத் தகர நாக்கு ஒட்டுவதில் இரண்டு நாள் செலவழித்திருந்தோம். அவர் கையிலிருந்த வளையலில் இரண்டைக் கேட்டு வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்றைச் சற்றே சாய்த்துப் பிடித்தேன். ஒன்று வானத்தில் சூரியன் போகிற வழி, இன்னொன்று நிலா போகிற வழி. சாய்மானம் ஐந்து டிகிரிதான். அதனால் இரண்டும் இரண்டே இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த இரண்டு முட்டுக்கும் நம் பழைய கணக்கர்கள் வைத்த பெயர்தான் ராகு, கேது. அமாவாசை அந்த முட்டுக்குப் பக்கத்தில் வந்தால் கிரகணம். தள்ளி வந்தால் நிலா, சூரியனுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும்.

"அப்ப ராகு இருக்குன்னுதானே சொல்ற?" என்றார்.

அன்று அடுத்த ஊருக்குப் போகவில்லை. வேனிலேயே வசனத்தை அடித்துத் திருத்தினோம். மறுநாள் முதல் நாடகத்தின் தொடக்கமே 'யார் வீட்டு உலக்கை நிற்கும்?' என்ற போட்டிதான். ஊரே எடுத்துக்கொண்டு வரும். நின்றபிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளை, "இன்னிக்குத்தான் கிரகணம் இல்லையே" என்று கேட்டுவிடுவார். அதற்குமேல் எங்களுக்கு அதிகம் வேலை இருக்காது.

25-ஆம் தேதி ஒரு தொலைக்காட்சிக்காரர்கள் வந்து உலக்கை நிற்பதைப் படம் பிடித்தார்கள். 'முந்தின நாளே நிற்கிறது பாருங்கள்' என்று நான் மூச்சுவிடாமல் பேசினேன். மறுநாள் கிரகணச் செய்தியோடு அதைக் காட்டினார்கள். உலக்கை கம்பீரமாக நின்றது. தேதியும் என் பேச்சும் மட்டும் போய்விட்டன.

கிரகணத்தன்று அந்த ஆத்தாவின் ஊரில்தான் முகாம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அரையாண்டு விடுமுறை, பள்ளி பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் தெருவிலேயே கண்ணாடியோடு அண்ணாந்து நின்றார்கள். வேப்பமர நிழலில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பிறை விழச்செய்திருந்தது. அதைச் சல்லடை வைத்து மண்ணில் திரும்பச் செய்து பார்த்தது ஒரு கூட்டம்.

ஆத்தாவின் பெரிய பேத்தி மாசமாக இருந்தாள். காலையிலேயே உள்ளறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றி வாதாட எனக்கு வாயில்லை, உலக்கை ஏற்கெனவே அதை அடைத்திருந்தது. என்னிடம் பந்துக் கண்ணாடி இருந்தது. மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்து, மேலே ஒட்டிய சின்னக் கண்ணாடித் துண்டு. தெருவில் ஒரு சும்மாட்டின் மேல் அதை உட்காரவைத்துத் திருப்பினால், சூரிய வெளிச்சம் வாசல் வழியாக நடையைத் தாண்டி உள்சுவரில் விழும். பத்து மீட்டர் தள்ளியிருந்தால் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியனே வந்து சுவரில் உட்காரும். சுவரில் பார்ப்பதால் கண்ணுக்கு ஆபத்தில்லை.

"உள்ள வரலாமா ஆத்தா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது நெழலுதானே. வரட்டும்."

ஒன்பதரையை ஒட்டி அந்தச் சுவரில் ஒளி வளையம் முழுதாகச் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று நிமிடம். பூமி சுற்றுவதால் வளையம் நகர்ந்துகொண்டே போகும். வெளியே ஒரு பையன் குனிந்து பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். நான் வானத்தையே பார்க்கவில்லை. அந்தப் பெண் சுவரருகே போய் வளையத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வளையம் அவள் கைமேல் ஏறிக்கொண்டது.

அலுவலகத்தில் இதற்குப் பாராட்டு வரவில்லை. 'அந்தப் பெண்ணை வெளியே கூட்டி வந்திருக்க வேண்டும், நீ அவர்கள் நம்பிக்கைக்கே வளைந்து கொடுத்துவிட்டாய்' என்றார் எங்களில் மூத்தவர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெளியே வா என்றிருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள் என்பதும் உண்மை. இரண்டையும் இன்றுவரை என்னால் ஒன்றாக்க முடியவில்லை.

2031 மே 21 அன்று தமிழ்நாட்டுக்கு அடுத்த வளையம் தேனி, மதுரை வழியாகப் போகிறது. அன்றைக்கு அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு அப்போது பதினோரு வயது. பந்தை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். சாமான் கணக்கில் 'உடைந்தது' என்று எழுதிவிட்டேன்.