பெல்ட் போட்ட நாட்கள்

பிப்ரவரி 3
முதுகெலும்புக் காசநோய்க்கு ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. அதனால் சிறுநீர் அதே ஆரஞ்சு நிறம். அம்மா தினமும் பயப்படுகிறாள்.

பிப்ரவரி 5
படுத்தபடியே அமெரிக்க ஜாஸ் டிரம்மர் சிக் வெப்பின் இசை. டிரம்ஸ் மட்டும் கேட்கும்படி ஒரே பதிவைப் பத்துத் தடவை போட்டேன்.

பிப்ரவரி 7
சின்ன வயதிலேயே காசநோய் அவருடைய முதுகெலும்பைத் தின்றுவிட்டது. உயரம் நாலடிதான் இருக்கும். காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்மோ 28 அங்குலம். பெடல்கூட அவருக்கென்று தனியாகச் செய்தது. நோட்ஸ் படிக்கத் தெரியாது, மொத்தக் குழுவின் இசையும் மனப்பாடம். நியூயார்க்கின் ஹார்லெமில் சவாய் நடன அரங்கம் அவருடைய வீடு மாதிரி. 1937 மே 11 இரவு இன்னொரு ஜாஸ் குழுத் தலைவர் பென்னி குட்மன் தன் குழுவோடு அங்கே போட்டிக்கு வந்தார், தோற்றார். குட்மனின் டிரம்மர் ஜீன் க்ரூபா எழுந்து வெப்புக்குத் தலை வணங்கினார்.

அந்த இரவு முழுக்க வெப் எப்படி உட்கார்ந்திருந்தார்? என்னால் இருபது நிமிடம் முடியவில்லை. வாசிக்கும்போது வலிக்கவில்லையா, வலித்துக்கொண்டேதான் வாசித்தாரா?

பிப்ரவரி 8
இன்று 25 நிமிடம்.

பிப்ரவரி 12
முதுகுக்குப் போட்ட பெல்ட்டைக் கழற்றி எறிந்தேன். அம்மாவிடம் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மடித்து வைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை இன்னும்.

பிப்ரவரி 15
தூக்கம் இல்லை. வெப் பால்டிமோரில் இறந்தது 1939 ஜூன் 16. காசநோய் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தது 1943. நாலு வருஷம். வளைந்துபோன முதுகை மருந்து நிமிர்த்தியிருக்காது, தெரியும். ஆனாலும் நாலே வருஷம்! நான் மூன்று மிடறில் முடிக்கிற மாத்திரைகள் அவருக்கு இல்லை. கடைசி வருஷத்தில் மேடையை விட்டு இறங்கியதும் சுருண்டு விழுந்திருக்கிறார். ஆனாலும் மறுநாள் வாசித்திருக்கிறார்.

பிப்ரவரி 19
எல்லா ஃபிட்ஜெரால்ட் என்ற பாடகியை வெப் தன் குழுவில் சேர்த்தபோது அவளுக்கு 17 வயது. அவர் போன பிறகு 22 வயதில் அதே குழு அவள் பெயரில் நடந்தது.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "யாருடா அந்தப் பொண்ணு, இவ்வளவு சந்தோஷமா பாடுறா?"

சொன்னேன். அப்புறம் அன்றைக்குக் கத்தினதுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

பிப்ரவரி 22
டேப் வைத்துச் சுவரில் 28 அங்குலத்துக்கு வட்டம் போட்டேன். உட்கார்ந்தால் என் நெஞ்சு வரைக்கும் வருகிறது.

பிப்ரவரி 23
நாளை எம்.ஆர்.ஐ. ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியாச்சு.