அக்காவின் காப்புறுதிக் கணக்கு: 228, 468, 254

2024 நவம்பரில் ஒரு காலை, உவர்மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம், டெக்சாஸிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் எடுத்தாள். அவளுக்கு அங்கே இரவு எட்டரை. வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் வேலையோடு வந்த மருத்துவக் காப்புறுதி டிசம்பரோடு முடிகிறது, நாலு பேருக்கும் புதிதாக எடுக்க மாதம் 1,640 டொலர் கேட்கிறார்கள் என்றாள். "தம்பி, அரசாங்கம் கொஞ்சம் தருமாம், எவ்வளவு என்று பார்த்துச் சொல்லு." நான் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், அதனால் என்னிடம் வந்தது.

பக்கத்தில் இருந்து கேட்ட அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கா மாதாமாதம் இவ்வளவு காசு என்று திகைத்துப்போனா. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத்திரை வாங்கி வருகிற ஆளுக்கு அதை விளங்கப்படுத்துவது கஷ்டம்.

முறையைப் படிக்க இரண்டு நாள் எடுத்தது. 2010-இல் வந்த, 'ஒபாமாகேர்' என்று சொல்கிற காப்புறுதிச் சட்டப்படி நடப்பது இதுதான். உங்கள் ஊரில் கிடைக்கும் 'சில்வர்' என்ற நடுத்தர வகைத் திட்டங்களில் இரண்டாவது மலிவான திட்டத்தின் கட்டுப்பணத்தை அளவாக வைக்கிறார்கள். உங்கள் வருமானத்தில் இத்தனை சதவீதம் நீங்கள் கட்டவேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது, அது போக மிச்சத்தை அரசாங்கம் வரிச்சலுகையாகத் தருகிறது. அந்தச் சதவீதம், வருமானம் வறுமைக்கோட்டைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது. 2025 காப்புறுதிக்கு நாலு பேர் வீட்டின் வறுமைக்கோடு 31,200 டொலர். அந்த வருடம் அந்தக் கோட்டின் 200 சதவீதத்தில், அதாவது இரண்டு மடங்கில், நின்றவர் வருமானத்தில் 2 சதவீதம் கட்டவேண்டியிருந்தது, 250-இல் 4, 300-இல் 6, 400-க்கு மேலே எவ்வளவு போனாலும் 8.5.

சரி, சுலபம்தானே என்று இறங்கினோம். அத்தான் ஒப்பந்தத்தில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், வருடத்துக்கு 67,000. அக்கா 26,600. மொத்தம் 93,600. வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் அக்கா ஆறு என்று போட்டாள். அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறவள், அவர்களும் தன் வீடுதான் என்பது அவள் மனதில் இருக்கிற கணக்கு. ஆறு பேருக்கு வறுமைக்கோடு 41,960, அதனால் அவள் பங்கு மாதம் 228 டொலர் என்று வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதியான தூக்கம்.

ஆனால் அது பிழை. அங்கே வீடு என்றால் வரிப்படிவத்தில் இருக்கிற ஆட்கள்: கணவன், மனைவி, அவர்கள் உழைப்பில் தங்கியிருப்பவர்களாகக் காட்டக்கூடியவர்கள். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, திருகோணமலையில் வசிக்கிற தாய் தகப்பனை அப்படிக் காட்ட முடியாது. அனுப்பும் காசை வருமானத்தில் கழிக்கவும் முடியாது. வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் பலர் இதே இடத்தில் சறுக்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். நாலு என்று மாற்றினோம், 228 ஒரே அடியாக 468 ஆகிவிட்டது. போனில் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அம்மாவையும் அப்பாவையும் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்ததுதான் அவளுக்குக் காசை விடப் பெரிய வேதனை.

அடுத்த நாள் வருமானத்தைப் பிடித்தேன். அங்கே ஒரு காப்புறுதி முகவர் அத்தானிடம், கையில் வந்த முழுத்தொகையையும் போடச் சொல்லியிருக்கிறார். சுயதொழிலுக்கு அப்படி இல்லை. தொழில் செலவு கழித்த பிறகு வருவதுதான் வருமானம். "அத்தான், எவ்வளவு ஓடுறீங்க, எழுதி வைக்கிறீங்களா?" என்று கேட்டதும் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு நாளும் திகதி, புறப்படும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், நீல மையில். ஒரு பக்கத்தில் தேத்தண்ணிக் கறை. கூட்டினால் வருடத்துக்கு 18,000 மைல் அளவு. 2024-இல் வரித்துறை தொழில் ஓட்டத்துக்கு அனுமதித்தது மைலுக்கு 67 சதம், ஆக 12,060 டொலர் கழியும். சுயதொழில் வரியில் பாதியும் கழியும், அது 3,880 அளவு. மிச்சம் ஏறக்குறைய 77,660, வறுமைக்கோட்டின் 248 சதவீதம் (தசமத்தை விட்டுவிடுவார்கள்). அந்த 1,640-இல் அக்காவின் பங்கு மாதம் சுமார் 254 டொலர், மிகுதி 1,386 மானியம்! அந்தக் கொப்பி மாதம் 200 டொலருக்கு மேல் மிச்சம் பிடித்துத் தந்தது.

மலிவான 'பிரோன்ஸ்' எடுத்தால் இன்னும் குறையும், ஆனால் நோய் வந்தால் கையால் கட்டுவது கூட. 250 சதவீதத்துக்குள் இருப்பவருக்கு அந்தக் கைச்செலவைக் குறைக்கும் உதவி சில்வரில் மட்டும்தான் கிடைக்கும், அதனால் சில்வரே எடுக்கச் சொன்னேன். டிசம்பர் 15-க்குள் பதிந்தால்தான் ஜனவரி 1-இல் தொடங்கும், 12-ஆம் திகதி பதிந்துவிட்டார்கள்.

இதெல்லாம் மதிப்பீடுதான். வருடம் முடிந்ததும் கட்டுப்பணத்தையும் மானியத்தையும் காட்டுகிற 1095-ஏ படிவம் வரும், அதை வைத்து 8962 என்ற வரிப்படிவத்தில் உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். கூட உழைத்திருந்தால் மானியத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவேண்டி வரும். அதனால் ஓட்டம் கூடிய மாதமே போய்ப் பதிவில் காட்டிய வருமானத்தை மாற்றச் சொல்லியிருந்தேன், அக்கா ஜூனில் ஒரு தரம் மாற்றினாள்.

நான் மேலே சொன்ன சதவீதங்கள் 2025 முடியும்வரைக்கும் என்று சட்டத்தில் எழுதியவை. 2026-க்கு வரித்துறை வெளியிட்ட அட்டவணையில் 250 சதவீதத்தில் 4 இல்லை, 8.44. 400-ஐத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. அதே வருமானத்துக்கு அக்காவின் பங்கு மாதம் 525 அளவில் வருகிறது. போட்டுப் பார்த்த அன்று நான் உடனே சொல்லவில்லை, அத்தானிடம் இந்த வருடக் கொப்பியை முதலில் கேட்டேன்.