அண்ணனுக்குப் பிறகு

அப்பா தமிழர், அம்மா ஈப்போ ஊர், கண்டனீஸ் பேசும் சீனர். மலேசியாவில் எங்களைச் சிண்டியன் என்பார்கள், பிறப்புப் பத்திரத்தில் மட்டும் அப்பாவைப் பார்த்து ‘இந்தியர்’.

அண்ணன் மோட்டார் விபத்தில் போனபோது சடங்கிலேயே சண்டை. நரைத்த தலை கறுத்த தலையை வழியனுப்பக் கூடாது என்பது சீனர் வழக்கம், பெற்றவர்கள் பிள்ளையின் பிணத்துக்குப் பின்னால் போகமாட்டார்கள், அதனால் போபோ (அம்மாவின் அம்மா) அம்மாவை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அத்தைகளோ பெற்றவள் வாய்க்கரிசி போடாமல் எப்படி எடுப்பது என்று வாசலில் சத்தம். கடைசியில் அம்மா யாரையும் கேட்காமல் வந்து போட்டார். நான் அம்மா கட்சி.

கருமாதி முடிந்ததும் டாக்டர் கனவு என் தலையில் இறங்கியது. அரசு மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடங்களில் 90 சதவீதம் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்கள், பூர்வகுடிகள்), அதனால் எஸ்பிஎம்மில் (பள்ளி இறுதித் தேர்வு) எல்லாம் ஏ வாங்கியே ஆகணும் என்று அண்ணனிடம் பாடிய அதே பாட்டு. அவனுடைய உயிரியல் புத்தகம்கூட, ஓரத்தில் அவன் கிறுக்கிய மீசை வைத்த தவளைகளோடு, என் மேசைக்கு வந்துவிட்டது.

எனக்குச் சமையல் கலை படிக்கத்தான் ஆசை. அம்மாவிடம் சொல்லியாச்சு. “ஏப்ரல்ல சிங் மிங் முடியட்டும், அப்புறம் அப்பாகிட்ட பேசலாம்” என்கிறார். சிங் மிங் என்பது சீனர்கள் இறந்தவர்களின் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் நாள். சரி, விண்ணப்பத்தை மட்டும் நிரப்பி வைத்திருக்கிறேன்.